பீரோ மேல் இருந்த கோதுமை பீர்: குற்றமா, குணமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது 4 பாட்டில் ஜெர்மன் கோதுமை பீர் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவை பீரோ மேல் கிடந்தன. (பீருக்கு பீரோதான் இடம் என்று யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.) ஒன்றைத் திறந்தால் கலங்கலாக இருக்கிறது, அடியில் வண்டல், வாழைப்பழ வாசம், கூடவே பழைய காகித வாடை, நுரையும் நிற்கவில்லை. நண்பர்களில் பாதிப் பேர் கெட்டுப்போச்சு என்கிறார்கள், மீதிப் பேர் கோதுமை பீர் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். மிச்சம் 3 பாட்டிலை வைப்பதா கொட்டுவதா, இதையெல்லாம் எப்படி ருசி பார்த்து மதிப்பிடுவது என்பது கேள்வி. எனக்குப் புரிந்தவரை, தம்பி கேட்க நினைத்தது இன்னும் கொஞ்சம் ஆழமானது: மூக்கில் ஏறும் ஒரு வாசம் அந்த பீரின் குணமா, குற்றமா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்காமல் தானே எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 14 வருடம் வேலை பார்த்தேன், அதில் 9 வருடம் சுவைக்குழுவில். குடிக்கச் சம்பளம் வாங்கியவன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள். உண்மையில் ஒரு நாளைக்கு எல்லா மாதிரியும் சேர்த்து ஒரு டம்ளர் உள்ளே போயிருந்தால் அதிகம். ஆனால் முகர்ந்து தீர்ப்புச் சொல்வது எப்படி என்று எனக்கு முதலில் காட்டியது ஆலை இல்லை, காசிமேட்டில் மீன் விற்ற என் அத்தை. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ஒரே ஒரு தடவை முகர்வார், "நேத்து மீனு" என்பார், அவ்வளவுதான். அதே அத்தை சுறாவிடம் வந்தால் கணக்கு மாறிவிடும். சுறாவின் சதையில் யூரியா அதிகம், அது சீக்கிரமே அமோனியா நெடியாக மாறும். வஞ்சிரத்தில் அந்த நெடியில் கால்வாசி வந்தாலே கூடையிலிருந்து தூக்கிப் போட்டுவிடுவார். சுறாவில் லேசாக வந்தால், மஞ்சள் போட்டுக் கழுவிப் புட்டு செய்துக்கோ என்பார். பீரிலும் அப்படித்தான். இது என்ன மீன் என்று தெரிந்த பிறகுதான் நெடியைப் பற்றிப் பேச முடியும்.

உங்கள் பாட்டிலில் ஹெஃபெவைசென் என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஜெர்மன் மொழியில் ஹெஃபெ என்றால் ஈஸ்ட், வைசென் என்றால் கோதுமை. ஈஸ்ட்டை வடிகட்டாமல் விட்டிருக்கிறோம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இதில் மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி. மீதி பார்லி. முழுக்க முழுக்கக் கோதுமையில் காய்ச்சுவது சிரமம், ஏனென்றால் கோதுமைக்கு உமி கிடையாது, சாற்றை வடிக்கும்போது பார்லியின் உமிதான் சல்லடையாக நிற்கிறது. நாம் இங்கே பார்த்துப் பழகிய லாகர் பீரை வடிகட்டி விடுகிறார்கள், அது கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் கலங்கல் வந்தால் சந்தேகப்படலாம். கோதுமையிலோ புரதம் அதிகம், கூடவே ஈஸ்ட்டும் மிதக்கிறது, கலங்காமல் என்ன செய்யும்? வேண்டுமென்றே வடிகட்டிய கிறிஸ்டால்வைசென் என்ற வகையில்தான் தெளிவை எதிர்பார்க்க வேண்டும். அடியில் இருந்த வண்டலை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாவு மாதிரி மெல்லியதாக இருந்து, பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் சீராகக் கரைந்து கலந்தால் அது ஈஸ்ட். திரிந்த பாலில் வருவதுபோல் துணுக்குத் துணுக்காக மிதந்து, கலக்க மறுத்தால் அது வயதான, சூடு பட்ட பீரின் புரதம்.

வாழைப்பழத்துக்கு வருவோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அது குணம். இந்த வகைக்கென்றே இருக்கும் ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. கடையில் வாழைப்பழ எசென்ஸ் என்று விற்கிறார்களே, அதன் முக்கியச் சரக்கும் இதுவே. தள்ளுவண்டியில் தோல் கறுத்துப்போய், சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுக்கும் பழத்தின் வாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தேனீக்கள் ஆபத்தைக் கண்டால் கூட்டத்துக்கு விடும் எச்சரிக்கை வாசத்திலும் இதே பொருள் இருக்கிறது. இதற்கும் பீருக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா தெரிந்து வையுங்கள்.) வாழைப்பழத்துக்கு ஜோடியாக இன்னொன்றும் இருக்க வேண்டும். அது கிராம்பு. நீங்கள் அதைச் சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை இந்த ஈஸ்ட் 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றும். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கும் கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினாலுக்கு அது நெருங்கின சொந்தம். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது 45 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அந்த அமிலம் அதிகமாக வெளியே வரும், கிராம்பும் தூக்கலாகக் கிடைக்கும். ஆக, வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, இரண்டும் ஈஸ்ட்டின் வேலை. இரண்டில் எது முன்னால் நிற்க வேண்டும் என்பது ஆலைக்கு ஆலை மாறும். இரண்டும் இருந்து, ஒன்றை ஒன்று அமுக்காமல் இருந்தால் எனக்குப் பிடிக்கும். அது என் ருசி, சட்டம் இல்லை.

கோதுமை பீர் என்று சொன்னாலே வாழைப்பழம் வர வேண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெல்ஜியத்தின் விட்பியர் வேறு ஜாதி. மால்ட் ஆக்காத பச்சைக் கோதுமை, நாம் சாம்பார் பொடிக்கு வறுக்கும் தனியா, கசப்பு ஆரஞ்சுத் தோல், இவை அதில் போகும். அந்த வகை கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. ஹோகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்ற ஒருவர் 1966-இல் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். அதைக் குடித்துவிட்டு வாழைப்பழம் இல்லையே என்று மார்க்கைக் குறைத்தால் தப்பு நம்முடையது. பெர்லினர் வைஸ்ஸெ என்று ஒன்று உண்டு, புளிப்புதான் அதன் உயிர். ஹெஃபெவைசெனில் அதே புளிப்பு வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் புளிப்பிலும் இரண்டு விதம்: பழைய சோற்று நீராகாரத்தின் மெத்தென்ற புளிப்பு லாக்டிக், மூக்கைக் குத்தும் காடிப் புளிப்பு அசிட்டிக். நம் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்லப் பயிற்சியே வேண்டாம்.

இப்போது அந்தக் காகித வாடை. இது குற்றம், இதிலும் சந்தேகம் இல்லை. டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த பாடப்புத்தகத்தை மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறீர்களா? அந்த வாடை. பீர் முதுமையடையும்போது டிரான்ஸ்-2-நோனெனல் என்ற பொருள் தலைதூக்குகிறது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். முதுமையை வேகப்படுத்துவது சூடு. பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. சுமார் 32 டிகிரியில் 3 நாள் வைத்தால் பீருக்கு வரும் சேதமும், 22 டிகிரியில் 30 நாளில் வருவதும், 3 டிகிரியில் 300 நாளில் வருவதும் ஏறக்குறைய ஒன்று என்பது அது. இதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம். அப்படி நம்பினால், இரண்டு மாத வெயிலுக்கு, ஃப்ரிட்ஜ் கணக்கில் உங்கள் பாட்டிலுக்கு இப்போது பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் போக்கு சரிதான். தண்டையார்பேட்டை மே மாதத்தில், ஓட்டு வீடோ மேல்மாடியோ என்றால், பீரோ உச்சி அடுப்படிக்குச் சமம். சூட்டில் கிராம்பும் மங்கும், வாழைப்பழமும் மங்கும், ஓட்ஸ் கஞ்சி போல ஒரு மந்தமான தித்திப்பு மேலே வரும். நீங்கள் கிராம்பைப் பற்றி ஒன்றும் எழுதாதது ஏன் என்று எனக்கு இங்கே ஓரளவு பதில் கிடைக்கிறது.

கெட்டுப்போச்சு என்று பயப்பட மட்டும் வேண்டாம். ஆல்கஹால், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), அமிலத்தன்மை, உள்ளே ஆக்ஸிஜன் இல்லாத நிலை, இத்தனையும் சேர்ந்திருப்பதால் நோய்க் கிருமிகள் பீரில் வளர்வதில்லை. பழைய பீர் ருசியில் தோற்றுப்போகும், விஷமாகாது. திறந்தவுடன் எரிமலை மாதிரி பொங்கி, காடிப் புளிப்பும் சேர்ந்து வந்தால் கொட்டிவிடுங்கள்.

நுரை நிற்காததற்கு நீங்கள் பீரைக் குற்றம் சொல்கிறீர்கள், நான் முதலில் உங்கள் டம்ளரைச் சந்தேகப்படுவேன். கோதுமைப் புரதம் நுரையைத் தாங்கிப் பிடிப்பதில் கில்லாடி. நல்ல ஹெஃபெவைசெனில் வெள்ளை நுரை தலைப்பாகை மாதிரி நிற்க வேண்டும். அதைக் கொல்வது எண்ணெய்ப் பிசுக்கு. கண்ணாடி டம்ளரைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் பிசுக்கு. பீர் ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே கதைதான். வறுவல் சாப்பிட்ட உதட்டோடு குடித்தாலும் நுரை அடங்கிவிடும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியிருந்தால் பேச்சே இல்லை, நிறமும் தெரியாது, நுரையும் தெரியாது.

சரி, எப்படி ருசி பார்ப்பது? பாட்டிலை ஒரு நாள் முன்னாலேயே ஃப்ரிட்ஜில் நிற்க வையுங்கள். வெளியே எடுத்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள், 7 முதல் 10 டிகிரிக்குள் வந்தால் போதும். பல் கூசும் குளிரில் எந்த பீரும் ஒரே மாதிரிதான் இருக்கும், குற்றத்தை மறைக்க நினைக்கிறவர்களுக்குத்தான் அது வசதி. டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட்டுச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள், இந்த பீரில் வாயு அதிகம், அவசரப்பட்டால் மேசைதான் குடிக்கும். கடைசி இரண்டு விரல் அளவு பாட்டிலில் இருக்கும்போது நிறுத்தி, சுழற்றி, வண்டலோடு சேர்த்து ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு முகர வேண்டும். சில வாசங்கள் முதல் அரை நிமிடத்திலேயே பறந்துவிடும். நீளமாக இழுக்காதீர்கள், நாய் மோப்பம் பிடிப்பது மாதிரி குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று தடவை போதும். மூக்கு மரத்துவிட்டதாகத் தோன்றினால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்து பாருங்கள், பழகிய வாசம் மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். பிறகு ஒரு வாய். நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வாசத்தின் இரண்டாம் பாதி அப்போதுதான் வரும், துப்பிவிட்டால் அது முழுதாகக் கிடைக்காது. ரொட்டி மாதிரி மெத்தென்ற தானிய ருசி, மிகக் குறைந்த கசப்பு, வாயில் பஞ்சு போல் உப்பி நிற்கும் குமிழி, இவைதான் தேட வேண்டியவை. ஆல்கஹால் 4.3 முதல் 5.6 சதவீதம் வரைதான் இருக்கும். நம் ஊர் ஸ்ட்ராங் பீருக்குப் பழகியவர்கள் "ஏறவே இல்லை" என்பார்கள், அது வேறு தராசு.

இடையில் வாயைச் சுத்தப்படுத்த ஆலையில் உப்பில்லாத பிஸ்கட் தருவார்கள். வீட்டில் வெறும் பொரியும் தண்ணீரும் போதும். அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன முகர்ந்தீர்கள் என்பதும் முக்கியம். ஒரு முறை ஆலையில் கோதுமை பீரைச் சோதனையாகக் காய்ச்சிப் பார்த்தபோது குழுவில் 7 பேர் கிராம்பு இருக்கிறது என்று எழுதினார்கள், நான் மட்டும் துளியும் இல்லை என்று அடித்து எழுதினேன். விசாரித்தால், அன்று காலை வீட்டில் பிரியாணிக்குத் தாளித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பட்டை கிராம்புப் புகையில் ஒரு மணி நேரம் நின்ற மூக்குக்குக் கிராம்பு எங்கே தெரியும்? அதற்கப்புறம் சோதனை நாளில் நான் அடுப்படிப் பக்கம் போவதில்லை. வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

மூக்கைத் தேற்ற ஆலைகளில் ஒவ்வொரு குற்றத்தையும் தனியாகக் கலந்து கொடுத்துப் பழக்குவார்கள். வீட்டில் இதைப் பெரிய செலவில்லாமல் செய்யலாம். மின்ட் தெருவில் பத்து ரூபாய்க்குக் கிராம்பு வாங்கி இரண்டைத் தட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். இன்னொரு டம்ளரில் நசுக்கிய வாழைப்பழம், இன்னொன்றில் ஊறிய அட்டைப்பெட்டித் துண்டு, இன்னொன்றில் வெண்ணெய், இன்னொன்றில் சோளம் வேகவைத்த தண்ணீர், இன்னொன்றில் பச்சைப் பூசணிக்காயின் குடல். வெண்ணெய் வந்தால் டைஅசிடைல், வெந்த சோளம் வந்தால் டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள், பூசணிக்காய் வந்தால் அசிட்டால்டிஹைடு, முழுதாக நொதிக்காத பீரில் வரும். டெட்டால் பாட்டிலையும் ஒரு தடவை முகர்ந்து வையுங்கள். தண்ணீரில் உள்ள குளோரின் பீரின் ஃபீனாலோடு (கிராம்பு வாசம் தருவதும் இந்த வகைப் பொருள்தான்) சேர்ந்தால் அதே குடும்பத்து வாசம்தான் வரும், இந்த வகை பீரில் அதைக் கிராம்பு என்று ஏமாந்துவிடுவது சுலபம். வெயிலில் வைத்த பச்சை அல்லது வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வரும் வாடையை வெளிநாட்டுப் புத்தகங்கள் ஸ்கங்க் என்ற மிருகத்தோடு ஒப்பிடும். நம்மில் யார் அதை முகர்ந்தோம்? எரிந்த ரப்பர் என்று நான் குறித்துக்கொள்வேன்.

மார்க் போட ஆசையிருந்தால், போட்டிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு தாள் 50-க்குப் போடும்: வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. உங்கள் நண்பர்கள் இவ்வளவு சண்டை போட்டது அந்த 3 மார்க்குக்காக என்பதைக் கவனியுங்கள்.

இனி என்னால் சொல்ல முடியாதது. கலங்கலும் வாழைப்பழமும் குணம், காகிதம் குற்றம், இது உறுதி. காகிதம் உங்கள் பீரோ மேல் வந்ததா, அதற்கு முன் கப்பலிலோ கிடங்கிலோ வந்ததா என்பதை உங்கள் வர்ணனையை வைத்துப் பிரிக்க முடியாது. லேபிளில் மிண்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ் என்ற வரியைத் தேடுங்கள், இந்தத் தேதி வரையாவது நன்றாக இருக்கும் என்று அர்த்தம். நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கும். அந்தத் தேதி இன்னும் பல மாதம் தள்ளியிருந்தால் பழி பெரும்பாலும் பீரோவுக்குத்தான். அதேபோல வாழைப்பழம் தூக்கலாக இருந்தால் ஆலையில் சூட்டில் நொதிக்க விட்டுவிட்டார்கள் என்று சிலர் தீர்ப்புச் சொல்வார்கள். சூடு ஒரு காரணம், உண்மைதான். ஆனால் எவ்வளவு ஈஸ்ட் போட்டார்கள், தொட்டி எவ்வளவு உயரம், உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வாசம். டம்ளரை முகர்ந்து தொட்டியின் கதையைச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை, நானே அப்படிப் பலமுறை சொல்லி மாட்டியிருக்கிறேன். மூக்கும் ஆளுக்கு ஆள் வேறு. எங்கள் குழுவில் ஒருவருக்கு வெண்ணெய் வாடை எவ்வளவு கலந்தாலும் தெரியாது, மற்ற எல்லாவற்றிலும் அவர் புலி.

மிச்சம் 3 பாட்டிலையும் இன்றே ஃப்ரிட்ஜில் நிற்க வையுங்கள். குளிர், போன ருசியைத் திருப்பித் தராது, இனி போவதை மெதுவாக்கும். ஒன்றை மேலே சொன்னபடி பொறுமையாகக் குடித்துப் பாருங்கள். இன்னொன்றில் நண்பர்களோடு ஒரு விளையாட்டு ஆடலாம், ஆலையில் இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். மேலே உள்ள தெளிந்த பகுதியை ஒரு ஜாடியில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை வண்டலோடு கலக்கி இன்னொரு ஜாடியில் வையுங்கள். ஒருவர் 3 டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றட்டும், இரண்டில் ஒரே ஜாடியிலிருந்து, ஒன்றில் மற்ற ஜாடியிலிருந்து. நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேறானதைச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி மாற்றி 6 முறை. குருட்டாம்போக்கில் 2 முறை சரியாக வந்துவிடும். 4 வந்தால்கூட அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் 10 வாய்ப்பு உண்டு. 5 வந்தால் அந்த வாய்ப்பு நூற்றில் 2-க்கும் கீழே, உங்கள் மூக்கு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப்போச்சு என்று அடித்துச் சொன்ன நண்பரை முதலில் உட்கார வையுங்கள்.

மூன்றாவது பாட்டிலுக்கு காசிமேட்டில் நெத்திலி வாங்கி மிளகாய்த்தூள் குறைவாகப் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள், இந்த பீருக்கு அது நன்றாகச் சேரும். முதல் டம்ளரை முகர்ந்து முடித்த பிறகு தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னாலேயே கைவைத்துவிட்டு, மறுபடி நுரை நிற்கவில்லை என்று எழுதாதீர்கள்.